நாளைக்கு எத்தனை சாப்பாடு?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில் தனம் மெஸ் எங்கே என்று கேட்டால் நாய்க்குட்டிகூட வழி காட்டும். பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது, ஒன்றரைக்குப் போனால் கூட்டு கிடைக்காது. அப்பேர்ப்பட்ட மெஸ்ஸின் சொந்தக்காரி தனம், அந்த ஆவணி மாதம் முழுக்க அடுப்பைப் பார்த்ததைவிட செல்போனைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. அவள் பெயரில் எட்டாயிரம் ஷேர் இருந்தது. குருந்தமலை மினரல்ஸ் என்கிற கம்பெனியின் ஷேர்.

கம்பெனி ஒன்றும் பெரிய கம்பெனி இல்லை. அவலூர்ப்பேட்டை ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கருப்புக் கிரானைட் குவாரி, சென்னையில் இரண்டு அறை ஆபீஸ், அவ்வளவுதான். ஆனாலும் ஷேர் மார்க்கெட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. உள்ளூர்க் குவாரி, கண்ணுக்குத் தெரிகிற கல், இதில் என்ன ஏமாற்றிவிடப் போகிறார்கள் என்று நம்பி ஊரில் அறுபது பேருக்கு மேல் வாங்கிப் போட்டிருந்தார்கள். தனமும் போட்டாள். அவள் போட்டது, அப்பா வழியில் வந்த நிலத்தை விற்ற காசு. மெஸ் நடக்கிற வாடகைக் கட்டடத்தை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான்கு லட்சம் முன்பணம் கொடுத்தால் அவளுக்கே தருவார், இல்லாவிட்டால் பதினாறு வருஷத்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்த முன்பணத்தைத்தான், சும்மா கிடக்கிறதே, கொஞ்சம் பெருகட்டுமே என்று குவாரியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள்.

சித்திரையில் அடி விழுந்தது. இரண்டாவது குவாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று கம்பெனி அறிவித்தது. ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு அவள் வாங்கிய ஷேர், மூன்றே நாளில் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது.

அப்போதுதான் அப்பாசாமி சார் களத்தில் இறங்கினார். அவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார். ஷேர் வாங்கினவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து நடத்துகிறவரும் அவர்தான். கம்பெனிக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் ஷேரை விற்றாலும் வாங்கினாலும் எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சார் அதையெல்லாம் நோண்டி எடுத்தார். அறிவிப்பு வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே எம்.டி.யின் மாமியார் விற்றிருந்தார். மச்சினர் விற்றிருந்தார். எம்.டி. மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸிலேயே கூட்டம் நடந்தது. "உள்ளே இருக்கிறவனுக்கு முன்னாடியே தெரியுது, அவன் வித்துட்டுப் போயிடறான். வெளியில இருக்கிற நாம பேக்கு மாதிரி புடிச்சிக்கிட்டு நிக்கிறோம். இதுக்குப் பேரு பச்சைத் திருட்டு," என்று சார் மேஜையைத் தட்டினார். டம்ளர்கள் குதித்தன. எல்லோரும் தலையாட்டினார்கள்.

காபி கொண்டுவந்து வைத்த தனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எனக்கே அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு சார். குவாரிக்கு தெனமும் நூத்திப்பத்து சாப்பாடு போவும். பங்குனி கடைசியிலயே அது நாப்பதாயிடுச்சு. ஆளுங்களை நிறுத்திட்டாங்க போலன்னு நினைச்சேன்," என்றாள்.

அறுபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தனை மரியாதையோடு அவளை யாரும் பார்த்ததில்லை. குவாரிக்குச் சாப்பாடு போடுகிறவள் அவள்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சாப்பாட்டுக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு எத்தனை சாப்பாடும்மா?" என்று அப்பாசாமி சார் மெல்லிய குரலில் கேட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. குவாரியின் ஸ்டோர் சூப்பர்வைசர் விமல்ராஜ் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் செய்து மறுநாள் எண்ணிக்கையைச் சொல்வான். தனம் அதை ஆறு மணிக்குக் குரூப்பில் போடுவாள். சார் அதற்குச் 'சாப்பாட்டுக் குறியீடு' என்று பெயர் வைத்து, கட்டம் கட்டி, கோடு போட்டு, கீழே விளக்கவுரை வேறு எழுதுவார். உள்ளே இருந்து தெரிந்துகொண்டு செய்வது திருட்டு என்றீர்களே, இது மட்டும் என்ன என்று தனம் ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "அவங்க பண்ணா திருட்டு. நாம பண்றது தற்காப்பு," என்றார் சார். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். சேதி பரவியது. குரூப்பில் அறுபது பேர் இருநூற்று நாற்பது பேரானார்கள். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருப்பவர், ஆரணிப் பட்டுக்காரர், யார் என்றே தெரியாத சென்னைக்காரர்கள் என்று எல்லோரும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடி முழுக்க எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை. ஆவணி பிறந்ததும் ஏறத் தொடங்கியது. அறுபது. தொண்ணூறு. நூற்று நாற்பது. நூற்றுத் தொண்ணூறு! ஏதோ பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, ஆள் சேர்க்கிறார்கள், கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை என்று சார் எழுதினார். குரூப்பே பாய்ந்து வாங்கியது. ஷேர் நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபத்தொன்று என்று ஏறியது. ஐம்பத்தைந்து வந்ததும் விற்றுவிட்டு வீட்டுக்காரரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிடுவதாகத்தான் தனம் இருந்தாள். "நூறு போவும், அவசரப்படாதே," என்று சார் தடுத்துவிட்டார். வீட்டுக்காரர் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை. இன்னும் நான்கு நாள் இருந்தது. அவளுடைய தங்கை வள்ளி, அக்கா சொன்னால் சரி என்று, கழுத்துச் செயினை அடகு வைத்து இரண்டாயிரம் ஷேர் வாங்கியிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சமைக்கிறவளுக்கு என்று ஒரு மூக்கு இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை.

முதலில், யாரும் குறை சொல்லவில்லை. நூற்றுப்பத்து பேர் சாப்பிட்டபோது தினமும் ஒரு பஞ்சாயத்து வரும். ஒடிசா ஆட்கள் உருளைக்கிழங்கு கேட்பார்கள், சேலத்துக் கல்வெட்டி ரசம் தண்ணீராக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவான். நூற்றுத் தொண்ணூறு பேர் சாப்பிடுகிறார்கள், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. என்ன பிறவிகள் இவர்கள்? அப்புறம், பாத்திரம். முன்பெல்லாம் சோறு, சாம்பார் எல்லாம் குண்டானில் போகும், நான்கு மணிக்குக் காலிக் குண்டான் திரும்பி வரும். இப்போது எல்லாமே பொட்டலமாக வேண்டும் என்றான் விமல்ராஜ். அதோடு, வண்டி. மெஸ் ஆட்டோ வேண்டாம், கம்பெனி வேனே வந்து எடுத்துக்கொள்ளும் என்றான். வந்து எடுத்துக்கொண்டு போன வேன், நாற்பதே நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நிற்பதைப் பச்சையம்மாள் பார்த்தாள். பச்சையம்மாள் மெஸ்ஸில் காய் நறுக்குகிறவள், அவள் கண்ணில் படாதது இந்த ஊரில் கம்மி. குவாரிக்குப் போகவே நாற்பது நிமிஷம் ஆகும். போய், இறக்கி, திரும்பி வந்து டீ குடிக்க அந்த வேனுக்கு என்ன இறக்கையா முளைத்திருக்கிறது?

தனம் இதை அப்பாசாமி சாரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா. வேன் வேற எதுக்காவது போயிருக்கும். எம்.டி.யோட மாமியார் போன வாரம்கூட பத்தாயிரம் வித்திருக்காங்க, அதையே நான் பெருசா எடுத்துக்கல. அவங்க வீடு கட்டறாங்களாம்."

ஊரில் ஒருத்தன் செருப்பு மாற்றினால்கூட ஏன் என்று கேட்கிற மனுஷன்! அவரா இப்படிப் பேசுகிறார்? சந்தேகம் அவரை விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வேன் கிளம்பியதும், பந்தியைப் பச்சையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறினாள். "அந்த வெள்ளை வேன் பின்னாடியே போப்பா. ரொம்ப ஒட்டாதே," என்றாள். ஆட்டோக்காரன் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். புருஷனைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

வேன் அவலூர்ப்பேட்டை ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ஊருக்குள் புகுந்து, செங்கம் ரோட்டைப் பிடித்து, ஆசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதைக்குள் நுழைந்தது. நிருதி லிங்கக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, புளியமர நிழலில் நின்றது. அங்கே சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், காவி வேட்டியும் தூக்குவாளியுமாக. மலை சுற்றுகிற பாதையில் யார் வேண்டுமானாலும் அன்னதானம் போடலாம். யார் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வேன் கதவைத் திறந்து விமல்ராஜ் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்துக்கொண்டே போனான். வாழையிலை வைத்து, நியூஸ்பேப்பர் சுற்றி, சிவப்பு நூல் கட்டிய பொட்டலங்கள். காலையில் அவள் கையால் கட்டியவை.

தனம் ஆட்டோவை விட்டு இறங்கினாள். வரிசைக் கடைசியில் இருந்த வயதான சாமியார் அவளையும் ஏதோ தர்மம் செய்ய வந்தவள் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

"இந்தச் சாப்பாடு தெனமும் வருதுங்களா சாமி?"

"பத்து பாஞ்சு நாளா வருதும்மா. யாரோ புண்ணியவான். நல்லாத்தான் இருக்குது. போன வெள்ளிக்கிழமைதான் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

பதினைந்து நாளாக வராத குறை, கடைசியில் வந்து சேர்ந்தது. போன வெள்ளிக்கிழமை உப்பு ஜாஸ்திதான். அவளே இரண்டு தடவை போட்டுவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

விமல்ராஜ் அவளைப் பார்த்துவிட்டான்.

"குவாரியில எத்தனை பேருப்பா இருக்காங்க?" என்றாள் தனம்.

"அக்கா..."

"என் உப்பைத் தின்னவன்தானே நீ. சொல்லு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "முப்பத்தஞ்சு பேருதான்க்கா. அவங்களுக்கு இது முடிஞ்சப்புறம் கொண்டுபோவேன். அவங்களும் இந்த மாசக் கடைசியோட சரி. உங்க குரூப்புல எங்க எம்.டி. ஆபீஸ் ஆளுங்க நாலு பேரு இருக்காங்க. சாப்பாட்டை வச்சித்தான் நீங்க எல்லாரும் ஷேர் வாங்கறீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. எண்ணிக்கையை ஏத்திச் சொல்லுடான்னாரு. மிச்சம் சோத்தை இன்னா பண்றதுன்னு கேட்டேன். மலை சுத்துற ரோட்டுல அன்னதானம் போட்டுடு, புண்ணியமாவது வரட்டும்னாரு. நீங்க எல்லாம் வாங்க வாங்க, அவங்க வீட்டு ஆளுங்க வித்துக்கிட்டே இருக்காங்க."

அந்தப் பாவி சோற்றைப் போட்டே ஷேரை ஏற்றியிருக்கிறான். ஏறின விலையில் தன்னுடையதைத் தள்ளிவிட்டு, மேலே புண்ணியக் கணக்கு வேறு. அதற்குச் சோறு வடித்துக் கொடுத்தது அவள். ஊரைக் கூட்டி ஏமாற்றக் கொட்டடித்ததும் அவள்.

மணி பன்னிரண்டே முக்கால். மார்க்கெட் மூன்றரை வரைக்கும் இருக்கும். தனம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும். ஆனால் இது சின்னக் கம்பெனி ஷேர். இருநூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினால் வாங்க ஒரு ஈ காக்கை இருக்காது. அன்றைய விலை ஒரு அளவுக்கு மேல் இறங்கக்கூடாது என்று எக்ஸ்சேஞ்சே பூட்டுப் போட்டுவிடும், அப்புறம் ஒருத்தரும் வெளியே வர முடியாது. சித்திரையில் மூன்று நாள் அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வருவார். பதினாறு வருஷம். அவள் குரூப்பை மூடிவிட்டு மகள் கவியாவுக்குப் போன் போட்டாள். போனில் விற்பது வாங்குவதெல்லாம் கவியாதான்.

"நம்ம ஷேர் எட்டாயிரத்தையும் வித்துடு. இப்பவே."

"இன்னாம்மா ஆச்சு? நூறு போவும்னு சார் சொன்னாரே."

"வித்துடுன்னா வித்துடு."

"சரி. வள்ளி சித்திகிட்ட சொல்லட்டுமா?"

வள்ளிக்குச் சொன்னால் வள்ளி புருஷனுக்குப் போகும், அவனுக்குச் சொன்னால் டீக்கடைக்கே போகும். "முதல்ல நம்மளது. அப்புறம் நான் சொல்லிக்கிறேன்," என்றாள்.

ஒரு மணிக்குக் கவியா கூப்பிட்டாள். "அறுபது ரூபாய்க்குப் போயிடுச்சும்மா. யாரோ ஒரே ஆள் மொத்தத்தையும் வாங்கிக்கிட்டாங்க."

மெஸ்ஸுக்குத் திரும்பினால் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. இந்தப் பந்தி முடியட்டும், வள்ளிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த பந்தி வந்தது. அப்பளம் தீர்ந்தது. போனை எடுத்தாள், வைத்தாள். கை ஒழியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை ஒழியாமல் என்ன, மனசுதான் துணியவில்லை. மூன்றரை அடித்தபோது, அப்பாடா, இனிமேல் சொல்லியும் பிரயோஜனமில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஐந்தரைக்கு அப்பாசாமி சார் வந்தார். முகமெல்லாம் பல். "ஒரு ஸ்ட்ராங் காபி போடும்மா. இன்னைக்கு ஒரு வேட்டை. மத்தியானம் எவனோ ஒரு அவசரக்குடுக்கை எட்டாயிரம் ஷேரை அறுபதுக்குக் கொண்டாந்து கொட்டினான். வீட்டம்மா பேர்ல இருந்த டெபாசிட்டை உடைச்சி வச்சிருந்தேன். அப்படியே மொத்தமா அள்ளிட்டேன்."

தனத்தின் கையில் இருந்த டவராவிலிருந்து காபி வழிந்து விரலைச் சுட்டது. அவள் டவராவைக் கீழே வைக்கவில்லை.

"சார், குவாரியில முப்பத்தஞ்சு பேருதான் இருக்காங்க," என்றாள். வேன், கிரிவலப் பாதை, சாமியார்கள், விமல்ராஜ் எல்லாவற்றையும் சொன்னாள். சார் முகத்தில் இருந்த சிரிப்பு, எடுத்து வைக்க மறந்துபோன சாமான் மாதிரி, கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

"இது எப்போம்மா தெரியும் உனக்கு?"

"பன்னெண்டே முக்காலுக்கு."

அவர் கணக்கு வாத்தியார். கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. "எட்டாயிரம்... அது உன்னுதா?"

தனம் தலையாட்டினாள். சார் கண்ணை மூடிக்கொண்டார். கத்துவார், டம்ளரைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் முன்னால் குனிந்து, பக்கத்து மேஜையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, குசுகுசுவென்று சொன்னார்:

"குரூப்புல போடாதே. இன்னைக்கு நூத்தித் தொண்ணூறுன்னே போட்டுடு. நாளைக்குக் காலையில ஒம்போதே காலுக்கு மார்க்கெட் தொறந்ததும் நான் வித்துடறேன். அப்புறம் நீ இன்னா வேணா சொல்லிக்கோ."

"அப்போ வாங்கறது யாரு சார்? நம்ம குரூப்பு ஆளுங்கதானே?"

"ஒரு மணிக்கு நீ வித்தியே, அப்போ இந்த நியாயம் எங்க போச்சு? உன் பணம் பத்திரமாயிடுச்சு, இப்போ என் பணத்துல வந்து நாணயம் பேசறியா?"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அதே குசுகுசுப்பைத்தான் அவளும் மத்தியானம் புளியமரத்தடியில் நின்று போனில் பேசினாள்.

போன் அடித்தது. விமல்ராஜ். "அக்கா, நாளைக்கு இருநூறுன்னு சொல்லச் சொன்னாங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவனே கட் செய்துவிட்டான்.

ஆறு மணி ஆனது. குரூப்பில் கேள்விகள் வந்து விழுந்தன. லாட்ஜ்காரர் கேட்டார், ஆரணிப் பட்டுக்காரர் கேட்டார். சார் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அவர் வீட்டம்மாளுக்குச் சுகர், காலில் ஆறாத புண். அந்த டெபாசிட் எதற்கு வைத்திருந்தது என்று தனத்துக்குத் தெரியும். இருநூறு என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார். அவருக்குப் பதில் வேறு யாராவது மாட்டுவார்கள். யார் என்று தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தனம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்:

'குவாரியில் முப்பத்தஞ்சு பேர்தான். மிச்சம் சாப்பாடு கிரிவலப் பாதையில் சாமியார்களுக்குப் போகிறது. நம்மை வாங்க வைக்க கம்பெனி செய்த வேலை. எனக்கு இன்று பன்னிரண்டே முக்காலுக்குத் தெரியும். ஒரு மணிக்கு என்னுடைய எட்டாயிரத்தையும் விற்றுவிட்டேன். உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன். தனம்.'

"போடாதேம்மா," என்றார் சார். அவள் அனுப்பிவிட்டாள்.

சார் பையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் குரூப்பில் பதில்கள் வர ஆரம்பித்தன, ஒன்றன் மேல் ஒன்றாக. திருடி என்று ஒருத்தர் எழுதினார். மெஸ்ஸை இழுத்து மூட வைக்கிறேன் என்று இன்னொருத்தர். தனம் எல்லாவற்றையும் படித்தாள். இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் அனுப்பினாள், அதனால் அவ்வளவாக வலிக்கவில்லை.

கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியது வள்ளி. தனம் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். பின்னால் குக்கர் சத்தமும், அவள் பிள்ளை பாடம் படிக்கிற சத்தமும் கேட்டன. வள்ளி கோபமாகப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்கிட்ட கூடவா சொல்லல, அக்கா?"